புது வீடு, பிரிக்காத பெட்டி: அக்காவிடம் கேளுங்கள்

ஆவணி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி வீடு மாறியவர்களுடையதாகத்தான் இருக்கும். நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம், இரண்டும் ஒரே மாதம். எல்லைக்கு இந்தப்புறமும் சரி அந்தப்புறமும் சரி, அந்த ஒரு மாதம் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், அது முடிந்ததும் லாரிகள் வரிசையாகக் கிளம்பிவிடும். இந்த முறை கேரளப் பக்கம் குடிபோன, போகப்போகிற நம்மவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்து.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது அக்கா. கூடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு நிற்கின்றன. வீட்டுக்காரர் "ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்" என்கிறார், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆயுத பூஜைக்கு மாமியார் வருகிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: அந்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பதே நல்லதம்மா. எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் திறந்தால் மத்தியானத்துக்குள் கூடம் முழுக்கச் சாமான் பரவி, சாயங்காலம் உட்கார இடமில்லாமல், ராத்திரி தலையணை எந்தக் குவியலுக்கு அடியில் போனது என்று தேடி, மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளி பீரோவில் திணிப்பதில்தான் முடியும், அப்படித் திணித்தது அடுத்த வீடு மாறும்வரை அங்கேயேதான் கிடக்கும். ஒரு பெட்டியைத் திறந்தால் அதிலுள்ள கடைசி ஸ்பூனுக்கும் இடம் பார்த்து வைத்துவிட்டு, காலிப் பெட்டியைத் தட்டையாக்கி வெளியே அனுப்பிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

வரிசை என்று கேட்டால் படுக்கை, குளியலறை, அடுப்படி. நன்றாகத் தூங்கி, குளித்து, வீட்டுச் சோறு சாப்பிட்டவர்களுக்குத்தான் மிச்சப் பெட்டிகளைத் திறக்கத் தெம்பிருக்கும். அடுப்படியிலும் எல்லாவற்றையும் இறக்க வேண்டாம், தினம் புழங்குகிற குக்கர், ரெண்டு குண்டான், தோசைக்கல், மிக்ஸி, அஞ்சறைப் பெட்டி, டம்ளர் தட்டு இவ்வளவையும் வைத்து ஒரு பத்து நாள் சமைத்துப் பாருங்கள், கை எந்தப் பக்கம் தானாகப் போகிறதோ அந்தப் பக்கம்தான் உப்பும் எண்ணெயும் இருக்க வேண்டும். முதல் நாளே ஷெல்ப் ஷெல்ப்பாக அழகு பார்த்து அடுக்கியவர்கள் பிறகு மஞ்சள் தூளுக்கு மூன்று அடி நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய சாமான் விஷயத்தில் நான் சொல்வது உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. பீரோ, புத்தக அலமாரி, டிவி, இந்த மூன்றையும் இப்போதைக்குச் சுவரோடு ஒட்டி நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து வந்தவருக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லைதான், ஆனால் ஊர் பழகினாலும் வீடு புதுசு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன பாலக்காட்டுக் கணவாயின் வாய்க்குள்ளேயே குடியிருக்கிறீர்கள், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றும் சாரலும் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழி தை மாதங்களில் அதே கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். மேற்குச் சுவர் மழையில் ஓதம் ஏறுகிற சுவரா, கிழக்கு ஜன்னல் கதவு சரியாக மூடுகிறதா என்பதெல்லாம் ஒரு துலாவர்ஷம் பார்த்தால்தான் தெரியும், அதாவது நம் ஐப்பசி மழை. அதுவரை பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, காலுக்குக் கீழே கட்டை கொடுத்து நிறுத்தினால் போதும், தை பிறந்த பிறகு நகர்த்தி முடிவு பண்ணிக்கொள்ளலாம். அந்த ஐப்பசி மழை பெரும்பாலும் சாயங்காலம் இடி மின்னலோடுதான் வரும், டிவி, மோடம் பிளக்கைப் பிடுங்கி வைக்க கை எட்டுகிற இடமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று. கேரள வீடுகளில் மெயின் போர்டிலேயே, கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற ஈ.எல்.சி.பி. இருக்கும், பழைய கிரைண்டரையோ அயர்ன் பாக்ஸையோ சொருகின உடனே வீடு முழுக்க கரண்ட் போகும், வந்தவர்கள் "இந்த வீட்டு வயரிங் சரியில்லை" என்று வீட்டு ஓனரோடு சண்டைக்குப் போவார்கள். பல சமயம் வீட்டில் கோளாறு இருக்காது, உங்கள் கிரைண்டரில் கசிகிற கரண்ட்டைத்தான் அது பிடித்துக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு சாமானாகத் தனித்தனியே போட்டுப் பார்த்து எது தட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்து அதை ரிப்பேருக்குக் கொடுங்கள். ஈ.எல்.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று சொல்கிற எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது உயிர் விஷயம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் இருக்கிற பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி, பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும் என்று 1970-லேயே கையெழுத்தாகி, அது வந்ததா குறைந்ததா என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிற ஊர். போர் தண்ணீர்தான் பல வீடுகளில், அதுவும் கடினத் தண்ணீர். பருப்பு வேக நேரமாகிறது, குக்கரில் வெள்ளையாகப் படிகிறது என்றால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். கீஸரும் வாஷிங் மெஷினும் உப்புப் பிடிக்கும், வினிகரோ சிட்ரிக் ஆசிடோ ஊற்றி அவ்வப்போது கழுவினால் தாங்கும். அந்தப் பக்கத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம், அது கொதிக்க வைத்தால் போகாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரை வாட்டர் அத்தாரிட்டி லேபில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், அதன் பிறகு எந்த பில்டர் வாங்குவது என்று யோசிக்கலாம்.

சரி, மாமியார். அவர்கள் வருவதற்குள் வீடு முழுக்க முடிய வேண்டும் என்று யார் சொன்னது? அவர்கள் படுக்கும் அறை, பூஜை அலமாரி, அவர்கள் காபி போடும் மேடை, இந்த மூன்று இடமும் சுத்தமாக இருந்தால் கூடத்தில் ஐந்து பெட்டி நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பெரிய பித்தளை அண்டா, தவலை இருக்கும் பெட்டியை அவர்கள் முன்னால் வைத்து, "அத்தை, இதை எங்கே வைக்கலாம் நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை உண்டு. வயர், சார்ஜர், ரிமோட், பழைய பில், ஸ்க்ரூ என்று ஒரு பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கும், அது அவர் பெட்டி, நீங்கள் தொடாதீர்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அதற்கு சரியாக இருக்கும்.

அட்டைப்பெட்டிகளை "அடுத்த முறைக்கு ஆகும்" என்று பரணில் போடுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்த ஊர் ஓதத்தில் அட்டை ஈரத்தைக் குடித்துக் கரப்பானும் ராமபாணமும் குடும்பம் நடத்தும், கூடவே கரையானும் வந்தால் மரக் கட்டிலுக்கும் கேடு. அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். குமிழ் பிளாஸ்டிக், தெர்மோகோல், செல்லோடேப் எல்லாவற்றையும் கொல்லையில் கொளுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அபராதம் வரும். பச்சை உடுப்புப் போட்ட ஹரித கர்ம சேனை அக்காமார் மாதாமாதம் வாசலுக்கே வருவார்கள், பஞ்சாயத்தில் மாதம் 50 ரூபாய் என்பதுதான் பொதுவான கணக்கு, பிளாஸ்டிக்கைத் துடைத்துக் காயவைத்துக் கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கழிவு அவர்களிடம் போகாது, அதற்குக் கொல்லையில் ஒரு குழி வேண்டும். இந்த ஏற்பாட்டை வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் அக்கம்பக்கத்தில் நல்ல பெயரும் கிடைக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் கோவையிலிருந்து பாலக்காடு டவுனுக்கு வீடு மாறுகிறோம். சாமான் இறக்க யூனியன்காரர்களைத்தான் கூப்பிட வேண்டும், நாமே இறக்கினாலும் நோக்குகூலி கேட்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
(வாசகர், கோவை)

பதில்: பாதி பழைய கதை. வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கேட்கிற கூலிதான் நோக்குகூலி, அதைக் கேரள அரசே 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. கேட்டால் தொழிலாளர் துறையிலோ போலீஸிலோ புகார் கொடுக்கலாம். சுமை தூக்குகிறவர்களுக்கான சுமட்டுத் தொழிலாளர் சட்டம் 1978-ல் வந்தது, சொந்த வீட்டுச் சாமானை இறக்க நீங்கள் தனியாக அமர்த்திக்கொள்கிற ஆள் அந்தச் சட்டத்தில் சொல்கிற சுமட்டுத் தொழிலாளி கணக்கில் வருவதில்லை. அதாவது வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானை நீங்களும் உங்கள் மச்சானுமாக இறக்கிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், இரும்பு பீரோ, ஆட்டுக்கல், மாடிக்கு ஏற்ற வேண்டிய கட்டில் இதையெல்லாம் யூனியன்காரர்களிடமே கொடுங்கள். தினமும் தூக்குகிறவர்களுக்கு எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரியும், உங்கள் மச்சானுக்கு இடுப்பு பிடித்தால் அதற்கு ஆகும் செலவு கூலியை விட அதிகம். கூலிக்கு அரசு நிர்ணயித்த ரேட் உண்டு, லாரி வருவதற்கு முன்பே பேசி, எத்தனை சாமான், எந்த மாடி என்று சொல்லி, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லாரி வந்து வாசலில் நின்ற பிறகு பேரம் பேசினால் யாராக இருந்தாலும் கூடத்தான் சொல்வார்கள்.

எல்லையிலுள்ள வாளையாறில் லாரியை மறித்து வரி கேட்பார்களோ என்ற பயமும் வேண்டாம். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது. பழைய வீட்டு முகவரியும் புது வீட்டு வாடகை ஒப்பந்தமும் டிரைவர் கையில் ஒரு நகல் இருந்தால் கேட்கிறவர்களுக்குக் காட்டலாம். கேஸ் சிலிண்டரை மட்டும் லாரியில் ஏற்றாதீர்கள், ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: கேஸ், ரேஷன், பைக் ஆர்.சி., ஓட்டு... எதை மாற்ற வேண்டும், எதை விடலாம்? உடுமலையிலிருந்து மீனாட்சிபுரம் வந்திருக்கிறோம், தூரம் கொஞ்சம்தான்.
(வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: தூரம் கொஞ்சம்தான், நடுவில் ஸ்டேட் பார்டர் இருக்கிறதே, அதுதான் தொந்தரவு.

கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியிலேயே ஒப்படைத்துவிட்டு, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் என்ற சீட்டை வாங்கி வர வேண்டும். அதைக் காட்டி இங்கே இருக்கும் ஏஜென்சியில் அன்றைய டெபாசிட்டைக் கட்டினால் புது சிலிண்டர். முதலில் கட்டிய பழைய டெபாசிட்தான் திரும்பும், இன்றைய ரேட் அதைவிட அதிகம், வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டியதுதான். அடுப்பு நம்முடையது, அது கூடவே வரும். ரப்பர் டியூபில் தேதி அச்சடித்திருக்கும், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆதாரில் முகவரி மாற்றுவதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் சுலபம். வீட்டில் ஒருவர் மாற்றிவிட்டால் மற்றவர்கள் குடும்பத் தலைவர் சம்மதத்தோடு ஆன்லைனிலேயே மாற்றிக்கொள்ள 2023 முதல் வழி இருக்கிறது. ஓட்டுக்குப் படிவம் 8. ரேஷனில், உங்களுடையது முன்னுரிமை கார்டாக இருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தை இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம், தமிழ்நாட்டில் தனியாகக் கொடுக்கும் சாமான்கள் வராது. நிரந்தரமாக இங்கேதான் என்றால் பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கிச் சான்று வாங்கி வந்து புதுசுக்கு மனு போட வேண்டும், அக்ஷயா மையத்தில் போட்டுத் தருவார்கள்.

பைக்: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டினால் அந்த மாநில நம்பருக்கு மாற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புது நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும், இங்கத்திய சாலை வரி தனி. ஒரு வருஷத்துக்குள் திரும்பிப் போகிற எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு அலைய வேண்டாம்.

கரண்ட் பில்லில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பழகியவர்கள் நாம், இங்கே அது கிடையாது. அதோடு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்குமே மேல் ரேட் விழும். குடிவந்த நாளில் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள், முன்னால் இருந்தவரின் யூனிட் உங்கள் தலையில் விழாது.

கேள்வி: கம்பத்திலிருந்து குமுளிக்கு வந்து இது முதல் மழைக்காலம். பீரோவில் வைத்த பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளி, செருப்பில் பூசணம், புத்தகத்தில் நாற்றம். வீடு சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.
(வாசகி, குமுளி)

பதில்: சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மலைக்கு இந்தப்பக்கம் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். கம்பத்தில் காய்ந்த காற்று, இருபது, முப்பது கிலோமீட்டர் ஏறினால் மாதக்கணக்கில் ஈரம். பூசணத்துக்கு ஈரமும் அசையாத காற்றும் போதும். பீரோவை நெருக்கி அடைக்காதீர்கள், வெயில் தலைகாட்டுகிற நாளில் கதவைத் திறந்து வைத்து எதிரே ஃபேனைப் போடுங்கள். பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், வெள்ளைப் புள்ளியை ஈரத்துணியால் துடைக்காமல் நிழலில் உலர்த்தி மெல்லிய பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டுங்கள். நாப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. கடையில் ஈரம் உறிஞ்சும் டப்பா கிடைக்கிறது, தண்ணீர் நிறைந்ததும் கொட்டிவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுகிறவராக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான்.

கேள்வி: ஏழு வயது மகளை இங்கே மலையாளம் பேசுகிற பள்ளியில் சேர்த்தோம். "பழைய வீட்டுக்கே போகலாம்" என்று தினமும் அழுகிறாள்.
(வாசகி, சித்தூர்)

பதில்: அழட்டும், அழுகையை நிறுத்தப் பொம்மை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவளுடைய பெட்டியை அவளே பிரிக்கும்படி விட்டீர்களா? பெரியவர்கள் பிரித்து அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் வீடாகத்தான் இருக்கும். பழைய கிழிந்த போர்வை, உடைந்த டப்பா எதையும் அவளைக் கேட்காமல் தூக்கிப்போடாதீர்கள். மொழி பெரிய விஷயமில்லை, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் கடையில் பாதிப் பேர் தமிழ்தான், தமிழ் வழி வகுப்புள்ள அரசுப் பள்ளிகளும் உண்டு, வேண்டுமென்றால் விசாரியுங்கள். ஆனால் தெருப் பிள்ளைகளோடு சாயங்காலம் விளையாட விட்டால் நாலு மாதத்தில் உங்களுக்கே மலையாளம் திருத்துவாள். பழைய ஊர்த் தோழியோடு வாரம் ஒரு போன், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பிரிட்ஜை லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே போடலாமா?
(வாசகர், பாறசாலை)

பதில்: வேண்டாம். படுத்துக்கொண்டு வந்தால் கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது இறங்க ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள், நிமிர்ந்தே வந்திருந்தால் சில மணி நேரம் போதும். முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின் இருந்தால் பின்னால் மாட்டியிருக்கும் லாரிப் பயண போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டிவிடாதீர்கள், மெஷின் அறை முழுக்க நடக்கும்.

கேள்வி: வாடகை வீட்டில் ஆணி அடிக்கலாமா அக்கா?
(வாசகி, செங்கோட்டை)

பதில்: ஓனரைக் கேட்டுவிட்டு, சாமி படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று. கேட்காமல் அடித்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். கல்யாணப் போட்டோவை அலமாரி மேல் சாய்த்து வையுங்கள்.